118 கிலோவும் 28 கம்பியும்

மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்துத் தாமரைக் குளம் வரை போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். காலை ஆறே முக்கால் இருக்கும். பின்னாலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம், சிமெண்ட் தரையில் டீஸ்பூன் விழுந்த மாதிரி. சட்டைப் பையிலிருந்து சாவி விழுந்துவிட்டதோ என்று நிறுத்திக் கீழே பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஏறி மிதித்தால் பின் டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் ஃபிரேமில் உரசுகிறது. அப்போதுதான் பார்த்தேன், சக்கரத்தில் ஒரு கம்பி தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

தள்ளிக்கொண்டு நடந்தேன். சைக்கிள் வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, கம்பெனி ஸ்டிக்கர்கூட இன்னும் உரியவில்லை. எதிரே ஒரு பால்காரப் பெரியவர், பழைய 28 இஞ்ச் சைக்கிளில், பின்னால் இரண்டு பக்கமும் பெரிய பால் கேன் தொங்க, அலுங்காமல் வந்தார். "என்ன தம்பி, பஞ்சரா?" என்றார். "இல்லய்யா, கம்பி போயிருச்சு" என்றேன். அவர் என் சைக்கிளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்போது என் எடை 118 கிலோ. வயது 43. நடந்தால் முழங்கால் வலி, அரை கிலோமீட்டர் தாண்டினால் உட்கார இடம் தேடுவேன். சைக்கிள் என்றால் உடம்பின் பாரத்தை சீட் வாங்கிக்கொள்ளும், முட்டிக்கு அடி விழாது என்றுதான் இதில் இறங்கினேன். அது சரியான முடிவுதான், இப்போதும் அதில் சந்தேகமில்லை. (இறங்குவதற்கு முன் ஈ.சி.ஜி. எடுத்து டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் இறங்கினேன். என்னைப் போன்றவர்கள் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.) தப்பு செய்தது சைக்கிள் தேர்ந்தெடுத்ததில்.

கடையில் போய் நின்றதும் கண்ணுக்கு எது முரட்டுத்தனமாகத் தெரிந்ததோ அதை வாங்கினேன். தடித் தடியாகக் குழாய், முன்னால் ஷாக் அப்சார்பர், மலை ஏறுகிற மாதிரி பட்டன் டயர், கறுப்பும் ஆரஞ்சும் கலந்த பெயிண்ட். விற்றவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், "என் வெயிட் தாங்குமா?" அவர் ஹேண்டில் பாரை ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "யானையே ஏறலாம் சார்" என்றார். வீட்டுக்கு வந்து, கம்பி உடைந்த பிறகு, பெட்டியோடு கொடுத்த சின்னப் புத்தகத்தைப் பிரித்தால் அதிகபட்சம் 100 கிலோ என்று போட்டிருக்கிறது. அதுவும் ஓட்டுகிற ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 100. சைக்கிளே 16 கிலோ, அப்படியானால் நான் 84 கிலோ இருந்திருக்க வேண்டும். கல்யாணத்தன்று இருந்தேன் என்று நினைக்கிறேன்.

எங்கள் தெருமுனையில் ஒரு பாய் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை சைக்கிள் விட்டவர், இப்போது பஞ்சர், சர்வீஸ் மட்டும். முதல் கம்பியை மாற்றிக் கொடுத்தார். பத்து நாளில் இன்னொன்று, அதற்கு அடுத்த வாரம் மூன்றாவது. மூன்றுமே பின் சக்கரத்தில், மூன்றுமே செயின் பக்கத்தில், மூன்றுமே சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்புக்குள் கம்பி வளைந்து நுழைகிற அந்தக் கொக்கியில்தான் உடைந்திருந்தன. செயின் பக்கத்துக் கம்பியை மாற்ற, செயின் ஓடுகிற பல்சக்கரமான ஃப்ரீவீலைக் கழற்ற வேண்டும், பாய் பெரிய ஸ்பேனரை மாட்டி ஏறி நின்று திருகினார். கழற்றியதும் அச்சைத் தரையில் உருட்டிக் காட்டினார், உருளாமல் துள்ளியது. அதுவும் வளைந்திருக்கிறது.

"தம்பி, இதுல எத்தனை கம்பி இருக்கு எண்ணுங்க" என்றார்.

எண்ணினேன். 28.

"உங்க அத்தா ஓட்டுனாரே, அதுல பின்னாடி எத்தனை தெரியுமா? நாப்பது."

எங்க அப்பாவிடம் இருந்தது ஹெர்குலிஸ், பச்சைக் கலர். கேரியரில் அம்மா, முன் பாரில் துண்டைச் சுருட்டிப் போட்டு அதன்மேல் நான், ஹேண்டில் பாரில் இரண்டு பக்கமும் பை. மூன்று பேரையும் கூட்டினால் 130 கிலோவுக்குக் குறையாது. பாக்கியிருந்த தெப்பத்திருவிழாக் கூட்டத்தையும் ஏற்றியிருப்பார், இடம் இருந்திருந்தால். ஒரு நாளும் கம்பி உடைந்ததாக ஞாபகமில்லை. கீழமாரட் வீதியில் கேரியரில் மூட்டையை நிறுத்திக் கட்டித் தள்ளிக்கொண்டு போனவர்கள் எல்லாரும் அந்தச் சைக்கிளைத்தான் நம்பினார்கள். முன்னால் 32, பின்னால் 40 என்பது அந்த வண்டியின் கணக்கு. பாரம் விழுவது பின்னால் என்பதை அதைச் செய்தவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள்.

நமக்கெல்லாம் கம்பிகள் தூண் மாதிரி நின்று பாரத்தைத் தாங்குகின்றன என்று ஒரு நினைப்பு. அப்படி இல்லை. ஒவ்வொரு கம்பியும் ரிம்மை ஹப்பை நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாம் ஏறி உட்கார்ந்ததும், தரையைத் தொடுகிற இடத்துக்கு நேர் மேலே இருக்கிற இரண்டு மூன்று கம்பிகள் கொஞ்சம் தொய்கின்றன, சக்கரம் உருண்டதும் மறுபடி விறைக்கின்றன. ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் சுமார் 460 தரம் சுற்றுகிறது. 15 கிலோமீட்டர் போய்வந்தால் ஒவ்வொரு கம்பியும் கிட்டத்தட்ட ஏழாயிரம் தடவை தொய்ந்து விறைக்கிறது. கம்பி நன்றாக முறுக்கப்பட்டிருந்தால் இந்தத் தொய்வு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. லூசாக இருந்தால், மேலே குண்டு ஆளும் உட்கார்ந்தால், முழுசாகத் தளர்ந்து கொக்கியில் ஆடி ஆடி ஒரு நாள் 'டிங்'. கையில் ஒரு கம்பித் துண்டை இப்படியும் அப்படியும் மடக்கினால் உடைகிறதே, அதே சமாசாரம்தான். ஆக, என் சக்கரத்தில் கம்பியும் குறைவு, இருந்த கம்பிகளும் மிஷினில் ஏதோ முறுக்கி அனுப்பியவை, கடைக்காரர் அதைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்.

எடை அதிகமான ஆள் சைக்கிள் வாங்கப் போனால் ஃபிரேமைத் தட்டிப் பார்ப்பதைவிட குனிந்து பின் சக்கரத்தைப் பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான். நூறு கிலோவைத் தாண்டிய ஆளுக்குப் பின்னால் 36 கம்பி இருக்க வேண்டும், 32 இருந்தால் யோசிக்கலாம், அதற்குக் கீழே என்றால் பெயிண்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். ரிம் இரட்டைச் சுவர் (உள்ளே இரண்டு அடுக்கு) உள்ளதா என்று கேளுங்கள். ஃபிரேம் அலுமினியமா ஸ்டீலா என்று மணிக்கணக்கில் குழம்ப வேண்டியதில்லை, இரண்டுமே தாங்கும். கார்பன் பக்கம் நான் போகவில்லை, போகிற அளவுக்குப் பையும் கனமில்லை.

இரண்டாவது சைக்கிளை வாங்க இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன். பாயைக் கூடவே கூட்டிப் போனேன், அதுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். ஷாக் அப்சார்பர் வைத்த வண்டி ஒன்றில் என்னை ஏறி உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததுமே முன்பக்கம் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. "உக்காந்ததுக்கே இவ்ளோ போயிருச்சு, பள்ளத்துக்கு மிச்சம் என்ன இருக்கு?" என்றார். விலை குறைந்த வண்டிகளில் வருகிற ஸ்பிரிங் 70 கிலோ ஆளை நினைத்துப் போட்டது. நம் எடைக்கு அது மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் மேலும் கீழும் ஆடும், காலில் கொடுக்கிற பலம் ரோட்டுக்குப் போகாமல் ஸ்பிரிங்குக்குப் போகும். போதாததற்கு ஒன்றிரண்டு கிலோ கூடுதல் எடை வேறு. மதுரை ரோட்டுக்கு ஷாக் அப்சார்பர் தேவையில்லை, அகலமான டயர் போதும்.

கடைசியில் வாங்கியது ஷாக் அப்சார்பர் இல்லாத சாதாரண ஃபோர்க் வைத்த ஒரு ஹைப்ரிட், அதாவது ரோடு சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் நடுவில் ஒரு வகை. 700 சி சக்கரம், 40 மில்லிமீட்டர் டயர், இரண்டு சக்கரத்திலும் 36 கம்பி, டிஸ்க் பிரேக், புத்தகத்தில் ஓட்டுகிற ஆளுக்கு மட்டும் 130 கிலோ. பின் ஹப் கேசட் வகை. இதையும் பாய்தான் பார்த்துச் சொன்னார். பழைய ஃப்ரீவீல் வகையில் செயின் பக்கத்து பேரிங் உள்ளே தள்ளி இருக்கும், அச்சின் நுனி பிடிமானமில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பாரமான ஆள் பள்ளத்தில் இறங்கினால் அங்கேதான் வளையும். கேசட் ஹப்பில் பேரிங் ஓரத்துக்கு வந்துவிடுகிறது. முதல் சைக்கிளில் அச்சு துள்ளியதற்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

பட்ஜெட் ஏழெட்டாயிரம்தான் என்றால்? கியர் வைத்த மலிவு வண்டியை வாங்காதீர்கள், அந்த 28 இஞ்ச் பழைய மாடலையே வாங்குங்கள். இன்னமும் கிடைக்கிறது. கனம்தான், கியர் கிடையாது, மழையில் அந்த ராடு பிரேக்கை நம்ப முடியாது, மேம்பாலத்தில் நாக்குத் தள்ளும். ஆனால் சமவெளியில் உங்களை நடுரோட்டில் விடாது.

புது வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோகும் முன்பே பாய் தன் கடையில் தலைகீழாக நிறுத்தி, நகத்தால் ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிக்கொண்டே போனார். செயின் பக்கத்துக் கம்பிகள் கொஞ்சம் உயர்ந்த சுருதியில், எதிர்ப் பக்கம் இறங்கின சுருதியில். பின் சக்கரத்தில் அப்படித்தான் இருக்குமாம், செயின் பக்கம் இழுவை அதிகம். ஆனால் ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சத்தம் கொடுக்க வேண்டும். நடுவில் ஒன்று 'டொக்' என்று சுருதியே இல்லாமல் பேசும், அங்கே கம்பியை முறுக்குகிற நிப்பிள் சாவியைப் போட்டுக் கால் திருகு, மறுபடி சுண்டுவார். முக்கால் மணி நேரம். காதுதான் அவருக்கு மீட்டர். "நூறு நூத்தம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டுத் திரும்பக் கொண்டாங்க, கம்பியெல்லாம் உக்காரும், இன்னொருக்கா கோட்டம் எடுத்து விட்டுர்றேன்" என்றார். அதோடு சரி, இன்றைக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது, ஒரு கம்பியும் போகவில்லை.

பஞ்சர் மட்டும் ஆரம்பத்தில் அடிக்கடி ஆனது. அந்தப் பக்கம் கருவேல முள்ளுக்குப் பஞ்சமில்லை என்பதால் முள் என்றே நினைத்தேன். டியூபைத் தண்ணீரில் அமுக்கினால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கடித்த மாதிரி. அது முள் இல்லை. காற்றுக் குறைவாக இருக்கும்போது கல்லிலோ பள்ளத்திலோ இறங்கினால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்குகிறது. நம்மைப் போன்றவர்கள் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து 'இருக்கு' என்று கிளம்பக் கூடாது. மீட்டர் வைத்த பம்பு ஒன்று வாங்கி வையுங்கள், ஆயிரத்துச் சொச்சம்தான். டயர் ஓரத்தில் எவ்வளவு முதல் எவ்வளவு வரை என்று அச்சடித்திருக்கும், பின்னால் அதில் மேல் எல்லைக்குக் கிட்டத்தில், முன்னால் கொஞ்சம் குறைத்து. நான் பின்னால் 65, முன்னால் 55 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். வாரம் ஒரு தரம் பார்த்தால் போதும்.

இனி உட்காருகிற விஷயம். கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறேன், முதல் மாதம் கழிப்பறையில் உட்காரவே முடியவில்லை. மெத்து மெத்தென்று இருக்குமே என்று ஜெல் கவர் வாங்கிப் போட்டேன், இன்னும் மோசம். நாம் உட்காருவது சதையில் இல்லை, அடியில் இருக்கிற இரண்டு எலும்பு முனைகளில். சீட் ரொம்ப மெத்தையாக இருந்தால் அந்த எலும்புகள் புதைந்துபோய் நடுப்பகுதி மேலே எழும்பி அமுக்கும், மரத்துப்போகும். ஓர் அட்டைப்பெட்டித் துண்டை மர நாற்காலியில் வைத்து அதன்மேல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு குழி விழுந்திருக்கும், குழிகளுக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்று அளந்து, அதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலமான, கொஞ்சம் கெட்டியான சீட் வாங்க வேண்டும். நான் அட்டையில் உட்கார்ந்திருந்தபோது என் மனைவி உள்ளே வந்து பார்த்துவிட்டு, "என்னங்க, அடைகாக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பேடு வைத்த ஷார்ட்ஸ் அவசியம். அதற்குள் ஜட்டி போடக் கூடாது, தையல்தான் உரசிப் புண்ணாக்கும். என் அளவு மதுரைக் கடைகளில் கிடைக்கவில்லை, டபுள் எக்ஸெல் என்று எடுத்தால் தொடையிலேயே நின்றுவிட்டது, ஆன்லைனில் நாலு எக்ஸெல் வரவழைத்தேன். தொடை உரசுகிற இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வேன், வாசலைன் இன்னும் நன்றாக நிற்கிறது. தொப்பை இன்னொரு பிரச்சினை. ஹேண்டில் பார் தாழ்வாக இருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் தொடை வயிற்றில் இடிக்கும், மூச்சு முட்டும், பாரம் முழுக்க உள்ளங்கைக்குப் போய் விரல்கள் மரத்துப்போகும். ஹேண்டில் பாரைப் பிடித்திருக்கிற ஸ்டெம்மை உயரமானதாக மாற்றியதும் சரியாகிவிட்டது. பிளாஸ்டிக் பெடல் இரண்டு மாதத்தில் விரிசல் விட்டது, இரும்புப் பெடல் போட்டேன். பாரைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போட முடியாதவர்கள் தாழ்ந்த பார் வைத்த ஃபிரேமைத் தயங்காமல் வாங்குங்கள். லேடீஸ் சைக்கிள் என்று சிரிப்பவன் வந்து உங்கள் முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கப்போவதில்லை.

சீட் உயரம்! இதை நம் ஆட்கள் பெரும்பாலும் தப்பாகத்தான் வைக்கிறோம், உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் தரையில் ஊன்ற வேண்டும் என்ற பழக்கம். அப்படி வைத்தால் மிதிக்கும்போது முட்டி எப்போதும் மடங்கியே இருக்கும், வலிக்காமல் என்ன செய்யும். பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக வேண்டும், அதுதான் உயரம், அப்புறம் முன்பாதத்தால் மிதித்தால் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். நிறுத்தும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கித்தான் கால் ஊன்ற வேண்டும். நாலு நாளில் பழகிவிடும். சீட் குழாயில் ஒரு கோடு போட்டிருக்கும், அது வெளியே தெரிகிற அளவுக்கு மட்டும் தூக்காதீர்கள்.

ஓட்ட ஆரம்பித்தது வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி. 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம், ஒரு சுற்று சுமார் ஒன்றேகால் கிலோமீட்டர், எந்த இடத்தில் மூச்சு வாங்கினாலும் சுவர் ஓரமாக நிறுத்தி மைய மண்டபத்தைப் பார்க்கிற மாதிரி நடிக்கலாம். முதல் நாள் இரண்டு சுற்று. ஒரு பையன் "அங்கிள், டயர் பாவம்" என்றான். நாய் துரத்தியது, துரத்திவிட்டு அதுவே சலித்துப்போய் நின்றுவிட்டது, அந்த வேகம் என்னுடையது. லேசான கியரில், பேசிக்கொண்டே ஓட்டுகிற அளவுக்கு மட்டும், காலை வேகமாகச் சுற்றி ஓட்டினேன். கனமான கியரைப் போட்டு அமுக்கி மிதித்தால் வீரமாக இருக்கும், மறுநாள் முட்டி சொல்லும். மூன்றாவது வாரம் கீழக்குயில்குடி, நாலாவது மாதம் அழகர்கோவில் போய்வந்தேன், நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, நடுவில் மூன்று டீ.

எடை? முதல் இரண்டு மாதம் ஒரு கிலோகூடக் குறையவில்லை, எண்ணூறு கிராம் ஏறியிருந்தது. காரணம் எனக்குத் தெரியும். சைக்கிள் ஓட்டிவிட்டு வந்த தெம்பில் பொங்கல், இரண்டு வடை, 'இன்னைக்கு ஓட்டியிருக்கோமே' என்று மேற்கொண்டு ஒரு நெய் ரோஸ்ட். ஒரு மணி நேரம் மிதித்ததைக் கால் மணி நேரத்தில் திருப்பி வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கடையைக் கடக்காத வேறு வழியில் வீட்டுக்கு வர ஆரம்பித்த பிறகுதான் தராசு அசைந்தது. பதினாலு மாதத்தில் 118-லிருந்து 106. பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் இப்போது மாடிப்படி ஏறுகையில் நடுவில் நின்று போனை எடுத்துப் பார்க்கிற பாவனை தேவைப்படுவதில்லை, ராத்திரி குறட்டை குறைந்திருப்பதாக வீட்டில் அறிக்கை.

அந்த முதல் சைக்கிள் ஐந்து மாதம் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. விற்க மனசு வரவில்லை, யாரிடம் விற்றாலும் 'யானையே ஏறலாம்' என்று நானும் சொல்ல வேண்டிவருமே. பாயிடம் கொடுத்து அச்சை மாற்றி, கம்பிகளை முறுக்கி, எங்கள் காம்பவுண்டு வாட்ச்மேன் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். ஒன்பதாவது படிக்கிறான், 45 கிலோ இருப்பான். பின்னால் தம்பியை நிற்க வைத்துக்கொண்டு, கையை விட்டுவிட்டு, ஸ்பீடு பிரேக்கரில் குதித்துக் குதித்து ஓட்டுகிறான். போன வாரம் கேட்டேன். ஒரு கம்பிகூடப் போகவில்லையாம்.